நாய்ப் பூங்காவா, தெரிந்த ஒரு தோழனா? நாயின் விளையாட்டுக்கு நான்கு வழிகள்

"எங்க நாய் வீட்டிலேயே அடைஞ்சு கிடக்கு. நாலு நாயோட ஓடியாடினாதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா, பகல்ல நாய்களைப் பார்த்துக்கிற டே கேர்ல விடலாமா, தெரிஞ்சவங்க நாயோட விட்டாப் போதுமா?" நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே குரலில் ஒரு குற்ற உணர்வு இருக்கும், நாயை ஏதோ சிறையில் போட்டு வைத்திருப்பதுபோல.

முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வைத்துவிடலாம். எல்லா நாய்க்கும் நாய்க் கூட்டம் தேவையில்லை. குட்டியாக இருந்தபோது கண்ணில் படுகிற நாயோடெல்லாம் புரண்ட அதே நாய், வளர்ந்த பிறகு ஆள் பார்த்துப் பழகும். நாய்கள் மனதளவில் முதிர்வது ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். அந்தச் சமயத்தில் பல நாய்களுக்குப் புது நாய்கள் மேல் இருந்த ஆர்வம் குறைந்து, பழகிய சிலர் போதும் என்றாகிவிடும். அது வளர்ப்பில் வந்த குறை இல்லை. நாமும் சின்ன வயதில் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடியவர்கள்தானே, இப்போது அப்படியா செய்கிறோம்?

எங்கள் வீட்டுச் செவலை எட்டு மாதத்தில் தினமும் மாலை வேலி போட்ட நாய்ப் பூங்காவுக்குப் போனவன். ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் உள்ளே நுழையும்போது வாசலிலேயே மூன்று நாய்கள் அவனைச் சூழ்ந்துகொண்டன. அவன் கழுத்தில் கட்டிய கயிறு இன்னும் என் கையில் இருந்தது. ஓடவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் மல்லாந்து விழுந்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து தெருவில் எந்த நாயைக் கண்டாலும் குரைக்க ஆரம்பித்தான். அதைச் சரி செய்ய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில்தான் மற்ற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

செலவு, தூரம், நேரம் மூன்றையும் நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு:

- யாரோடு விளையாடப் போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா? எதிரே வரும் நாயின் அளவு, குணம், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது.
- ஆட்டம் எல்லை மீறினால் யார் நிறுத்துவார்? உங்களால் நிறுத்த முடியுமா, பார்க்க ஆளாவது இருக்கிறதா?
- நோயும் காயமும் வர எவ்வளவு வாய்ப்பு?
- வேண்டாம் என்றால் நாயால் விலகிப் போக முடியுமா? ஒதுங்க இடம் இருக்கிறதா?
- அடுத்த நாள் எப்படி இருக்கிறது?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் நாய் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவதைப் பார்த்து 'சந்தோஷமா விளையாடியிருக்கு' என்று நினைத்துக்கொள்கிறோம். பயத்திலும் படபடப்பிலும் நான்கு மணி நேரம் இருந்த நாயும் அப்படித்தான் தூங்கும். மறுநாள் காலையில் பாருங்கள். நிதானமாக எழுந்து, வழக்கம்போலச் சாப்பிட்டு, தெருவில் இன்னொரு நாயைப் பார்த்ததும் பதறாமல் நடந்தால் அந்த விளையாட்டு அதற்கு ஒத்துப்போகிறது. சின்னச் சத்தத்துக்கெல்லாம் குரைக்கிறது, கயிற்றை இழுத்துத் திணறுகிறது என்றால் ஒத்துப்போகவில்லை.

## விளையாட்டா, தொந்தரவா?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது தெரிந்தே ஆக வேண்டும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை விளையாட்டு வணக்கம் என்று சொல்லலாம். விலங்குகளின் நடத்தையை ஆராயும் மார்க் பெக்காஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. கடித்துத் தலையை உதறுவது போல, எதிராளி தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயல்களுக்குச் சற்று முன்போ பின்போதான் நாய்கள் இந்த வணக்கத்தைப் போடுகின்றன என்று அவர் கண்டார். 'இது விளையாட்டுக்குத்தான், கோபித்துக்கொள்ளாதே' என்று சொல்லிவிட்டுக் கடிப்பதைப் போல.

நல்ல ஆட்டத்தில் உடம்பு தளர்ந்து வளையும், வாய் திறந்திருக்கும், துரத்துபவனும் ஓடுபவனும் அவ்வப்போது இடம் மாறுவார்கள். பெரிய நாய் தானே கீழே விழுந்து சின்ன நாய்க்கு விட்டுக்கொடுக்கும். இடையிடையே இரண்டும் நின்று உடம்பை உதறிக்கொள்ளும், மண்ணை முகரும். இந்த நிறுத்தங்கள் இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போனால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

வால் கால்களுக்கு நடுவே போவது, உதட்டை நக்குவது, தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப்பார்வை, உங்கள் காலுக்குப் பின்னால் வந்து ஒளிவது எல்லாம் 'போதும்' என்பதற்கு அடையாளம். வாலாட்டினால் சந்தோஷம் என்று மட்டும் நம்ப வேண்டாம். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, விறுவிறுவென்று சின்னதாக ஆடினால் அது எச்சரிக்கை.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. துரத்துகிற நாயை மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். துரத்தப்பட்ட நாய் திரும்பி வந்து 'வா வா' என்று சீண்டினால் அதற்கு ஆட்டம் பிடித்திருக்கிறது. கிடைத்த சந்தில் நழுவிப் போய்விட்டால் பிடிக்கவில்லை. இந்தச் சோதனையை நான் இதுவரை எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. பாதிக்குப் பாதி, என் ஊகம் தப்பாகவே இருந்திருக்கிறது.

## 1. வேலி போட்ட பொது நாய்ப் பூங்கா

கயிறு இல்லாமல் முழு வேகத்தில் ஓட இடம் கிடைக்கிறது. வீட்டில் முற்றமோ தோட்டமோ இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். நீங்களும் கூடவே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம்.

ஆனால் முதல் கேள்வியிலேயே பூங்கா தோற்கிறது. அன்று யார் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நேற்று வரை அமைதியாக இருந்த இடம், இன்று புதிதாக வந்த ஒரு நாயால் மாறிவிடும். சின்ன நாய்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஓடுகிற சின்ன உருவத்தைக் கண்டு பெரிய நாயின் வேட்டைக் குணம் சட்டென்று எழும்பலாம். அதற்குக் கோபமோ பகையோ தேவையில்லை. சின்ன நாய்களுக்குத் தனித் தடுப்பு இல்லாத பூங்காவில் ஐந்து கிலோ நாயை முப்பது கிலோ நாய்களோடு விடாதீர்கள்.

வாசல்தான் மிக மோசமான இடம். உள்ளே இருக்கும் நாய்கள் எல்லாம் புதிதாக வருபவரை மோப்பம் பிடிக்க அங்கே ஓடி வரும். செவலைக்கு நடந்தது அதுதான். இரட்டைக் கதவு உள்ள பூங்காவாக இருந்தால், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்று, கூட்டம் கலையும் வரை காத்திருந்து, கயிற்றைக் கழற்றிவிட்டு உள்ளே விடுங்கள். கயிற்றோடு இருக்கும் நாயால் பக்கவாட்டில் வளைந்து போய் மரியாதையாக அறிமுகமாக முடியாது. கயிறு இறுகினாலே அதற்குப் பதற்றம் ஏறும். பந்தும் தின்பண்டமும் உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். பாதிச் சண்டை அவற்றுக்காகத்தான்.

நோய் பற்றி: குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வாந்தி, பேதியைத் தரும் பார்வோ வைரஸ் மலத்தின் வழியாகப் பரவி, மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். எலி போன்றவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரலாம், அது மனிதர்களுக்கும் தொற்றும். கொக்கிப்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாமே நாய்கள் கூடும் இடத்தில் கூடும். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே தரையில் விடவே கூடாது. பொதுக் கிண்ணத்துத் தண்ணீருக்குப் பதிலாகச் சொந்தக் கிண்ணம் எடுத்துப் போங்கள். பருவத்தில் இருக்கும் பெண் நாயை, அது ஏறக்குறைய மூன்று வாரம், வீட்டிலேயே வைத்திருங்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அது 41ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆட்ட உற்சாகத்தில் இருக்கும் நாய் களைத்தாலும் நிற்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கும் திறனே குறைவு.

மறைந்திருக்கும் செலவு இதையெல்லாம் விடப் பெரியது, ஆனால் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். தினமும் பூங்காவில் நாய்களோடு ஆடுகிற நாய் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்கிறது: 'இவரை விட அந்த நாய்கள்தான் சுவாரசியம்.' கூப்பிட்டால் வராது. தெருவில் நாயைக் கண்டால் போய்ச் சேர முடியாத ஏமாற்றத்தில் இழுக்கும், குரைக்கும். ஏற்கெனவே கூப்பிட்டால் வருகிற நாயைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம். கூப்பிட்டால் வரப் பழக்குவதற்குப் பூங்கா இடம் இல்லை.

யாருக்குப் பொருந்தும்: ஒரு வயதைத் தாண்டிய, தடுப்பூசி முடிந்த, ஒரு சீண்டலுக்குப் பிறகும் இரண்டு நிமிடத்தில் இயல்புக்குத் திரும்புகிற, மற்ற நாய்களுக்கு நடுவிலும் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற நாய்க்கு. கூட்டம் குறைந்த நேரத்தில், அரை மணிக்கு மேல் இல்லாமல்.

வேலியே இல்லாத பொதுப் பூங்காவில் அவிழ்த்துவிடுவது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். பல இடங்களில் விதியே அனுமதிக்காது. அனுமதித்தாலும், கயிற்றில் கட்டிய நாயோடு அமைதியாக நடக்க வந்த இன்னொருவரின் நாளை உங்கள் நாய் கெடுத்துவிடலாம்.

## 2. தெரிந்த ஒன்றிரண்டு நாய்களோடு

நான் கடைசியில் வந்து சேர்ந்த வழி இதுதான். பெரும்பாலான வளர்ந்த நாய்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

எதிராளி யார் என்று தெரியும், தடுப்பூசி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பார்க்க இரண்டு ஜோடிக் கண்கள், நிறுத்த நான்கு கைகள். ஒரே தோழனோடு திரும்பத் திரும்ப ஆடும்போது நாய்களுக்கு நடுவே ஒரு வழக்கம் உருவாகிவிடும். செவலையும் பக்கத்துத் தெருவின் ஒரு கிழட்டுக் கறுப்பு நாயும் ஆடுவதைப் பார்த்தால் இது புரியும். கறுப்பிக்கு ஓட முடியாது. இவன் அவளைச் சுற்றி மூன்று வட்டம் ஓடிவிட்டு, அவள் முன்னால் வந்து தானாகவே படுப்பான். அவள் காதைக் கவ்வி இழுப்பாள். அவ்வளவுதான் ஆட்டம். பத்து நிமிடத்தில் இரண்டும் நிழலில் படுத்திருக்கும். பூங்காவில் இப்படி ஒரு நிதானத்தை நான் அவனிடம் பார்த்ததே இல்லை.

முதல் சந்திப்பை அவசரப்படுத்தாதீர்கள். இருவர் வீடும் இல்லாத பொதுவான இடத்தில், பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் சேர்ந்து நடங்கள். இரண்டு நாய்களும் ஒன்றையொன்று முறைப்பதை விட்டு மண்ணை முகரத் தொடங்கியதும் இடைவெளியைக் குறையுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். முதல் நாள் பதினைந்து நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் ஆடலாமே என்று தோன்றும்போதே முடித்துவிடுங்கள்.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. நேரம் ஒத்துவர வேண்டும், ஒருவர் வீடு மாறினால் மறுபடி தேட வேண்டும். எல்லாவற்றையும் விட, மனிதர்களின் தயக்கம். தோழியின் நாய் நம் நாயை அமுக்குகிறது என்று தெரிந்தும், சொன்னால் அவள் மனம் வருந்துமே என்று சும்மா இருந்துவிடுகிறோம். முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யார் 'போதும்' என்றாலும் இருவரும் உடனே நாயைக் கூப்பிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

யாருக்குப் பொருந்தும்: கூச்சமுள்ள நாய், வயதான நாய், ஒரு தடவை பயந்துபோன நாய், தடுப்பூசிகள் நடந்துகொண்டிருக்கும் குட்டி (எதிர் நாய் தடுப்பூசி முடிந்த, குட்டிகளிடம் பொறுமையான நாயாக இருந்தால்).

## 3. டே கேர்

நாள் முழுக்க வெளியே வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போகலாம், அது புரிகிறது. நல்ல டே கேர் நாய்களை அளவு, குணம் பார்த்துப் பிரிக்கும், சேர்ப்பதற்கு முன் சோதனை நாள் வைக்கும், தடுப்பூசிச் சான்று கேட்கும், மதியம் கட்டாய ஓய்வு கொடுக்கும். கடைசியாகச் சொன்னதுதான் என் உரைகல். எட்டு மணி நேரம் இடைவிடாத ஆட்டம் என்பது நாய்க்கு விருந்து இல்லை, தண்டனை.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: ஒரு பணியாளருக்கு எத்தனை நாய்? ஆட விரும்பாத நாயை என்ன செய்வீர்கள்? உறுமினால் என்ன செய்வீர்கள்? 'தண்ணீர் அடிப்போம், கழுத்துப்பட்டையில் ஷாக் கொடுப்போம்' என்று பதில் வந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

மறைந்த செலவு, நடப்பது எதுவும் உங்கள் கண் முன்னால் நடப்பதில்லை என்பதே. மூடிய இடத்தில் கெனல் காஃப் என்ற தொற்று இருமல் வேகமாகப் பரவும், தடுப்பூசி போட்ட நாய்க்கும் வரலாம். மற்ற நாய்கள் குரைப்பதைப் பார்த்துக் குரைக்கவும் கற்றுக்கொள்ளும். யாருக்குப் பொருந்தும்: இயல்பிலேயே கூட்டம் பிடித்த, தனியாக விட்டால் தவிக்கிற நாய்க்கு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், முடிந்தால் அரை நாள்.

## 4. நாய்களே இல்லாத மோப்ப நடை

'இது விளையாட்டே இல்லையே' என்பார்கள். நாய்க்கு இது விளையாட்டுதான். ஐந்திலிருந்து பத்து மீட்டர் நீளக் கயிறு, அதை மாட்ட ஹார்னஸ் என்ற மார்புப் பட்டை (கழுத்துப்பட்டையில் மாட்டினால் ஓடி முட்டும்போது கழுத்து அடிபடும்), ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு வெளி. போகும் வழியை நாய் முடிவு செய்யட்டும். ஒரே புதரை ஐந்து நிமிடம் முகர்ந்தாலும் இழுக்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம், விரல் போய்விடும்.

ஷார்லோட் துராந்தோன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பத் தேடல் பயிற்சியும், மற்றவற்றுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். அதன் பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி, மோப்பப் பயிற்சி பெற்றவை முன்பைவிட வேகமாகப் போயின. நல்லதை எதிர்பார்க்கும் மனநிலை கூடியது என்று இதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். செவலை தெருவில் குரைப்பது குறைந்ததும் இந்த நடைகள் தொடங்கிய பிறகுதான்.

குறை ஒன்றுதான்: நாயோடு நாய் பேசும் மொழி இதில் பழகாது. வளரும் குட்டிக்கு இது மட்டும் போதாது.

## ஒரே பார்வையில்

| | நாய்ப் பூங்கா | தெரிந்த நாய்கள் | டே கேர் | மோப்ப நடை |
|---|---|---|---|---|
| எதிராளி யார் என்று தெரியுமா | தெரியாது | தெரியும் | ஓரளவு | எதிராளியே இல்லை |
| ஆட்டத்தை நிறுத்துவது | கடினம் | எளிது | பணியாளர் கையில் | தேவையில்லை |
| நோய், காய ஆபத்து | அதிகம் | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு |
| விலகிப் போக இடம் | பூங்காவைப் பொறுத்து | உண்டு | பல இடங்களில் இல்லை | முழுவதும் உண்டு |
| மறைந்த செலவு | கூப்பிட்டால் வராத பழக்கம் | நேரம், மனிதர் மனஸ்தாபம் | கண்ணில் படாத அழுத்தம் | உங்கள் பொறுமை |

## உங்கள் நிலை எது?

குட்டி, நான்கு மாதத்துக்குள்: மூன்றிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டிகள் உலகத்தோடு பழகும் முக்கியமான காலம். தடுப்பூசி வரிசை முடிய பதினாறு வாரமாவது ஆகும். அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பழகும் காலம் கைநழுவும். பூங்காவில் விட்டால் பார்வோ பயம். இரண்டுக்கும் நடுவே வழி உண்டு: தெரிந்த, தடுப்பூசி முடிந்த நாய்களோடு சுத்தமான இடத்தில் விளையாட்டு. மற்ற இடங்களுக்குக் கையில் தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டுங்கள். உங்கள் கால்நடை மருத்துவர் சரி என்று சொல்லும் குட்டி வகுப்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை, அடங்காத துள்ளல்: பூங்காவுக்குப் போகத் துடிக்கும் வயது இதுதான். தப்பான பாடம் பதிவதும் இந்த வயதில்தான். தெரிந்த நாய்களோடு வாரம் இரண்டு மூன்று நாள், மற்ற நாட்களில் மோப்ப நடை. கூப்பிட்டால் வருவதற்கு இப்போதே பயிற்சி.

மீட்கப்பட்ட நாய், கடந்த காலம் தெரியாது: முதல் சில வாரங்களுக்கு மோப்ப நடை மட்டும். நாய்களைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகட்டும்.

வயதான நாய், மூட்டு வலி: பழைய தோழன் ஒருவன் போதும். துள்ளும் இளசுகளிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

பூங்காதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள்: நாளைக்கு நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் போய் வேலிக்கு வெளியே அரை மணி நேரம் நில்லுங்கள். வாசலில் எத்தனை நாய் கூடுகிறது, ஒரு நாய் இன்னொன்றை அமுக்கும்போது யாராவது எழுந்து போகிறார்களா, வளர்ப்பவர்களின் கண் நாய் மேல் இருக்கிறதா போனில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வெவ்வேறு நேரங்களில் போய்ப் பார்த்தால், எந்த நேரத்துக் கூட்டத்தோடு உங்கள் நாய் ஒத்துப்போகும் என்று தெரிந்துவிடும். சண்டை வந்தால் கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதையும் போகும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாகக் கை தட்டுங்கள், தண்ணீரை ஊற்றுங்கள், நடுவே ஒரு பலகையையோ பையையோ நுழைத்துவிடுங்கள். பிரிந்ததும் கயிறு மாட்டி நேராக வீட்டுக்கு. அன்றைக்கு மறுபடி விளையாட்டு வேண்டாம். ரோமத்தை விலக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். பல் குத்திய காயம் வெளியே புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். அப்படி ஒன்று கையில் பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.